உப்புமுனைக் கயிறு

ஜூலை 9, செவ்வாய்

மகள் தஸ்னீம் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். மூச்சு விடும்போதெல்லாம் அந்தச் சின்ன நெஞ்சுக்குள் யாரோ காகிதம் கசக்குவது மாதிரி சத்தம். ஜன்னலைத் திறந்தால் கீழ்க்கரைச் சாக்கடை நாற்றம், மூடினால் புழுக்கம். மூடியே வைத்திருக்கிறேன்.

உப்புமுனையின் மேற்குக்கரையில் இந்த வருஷத்தின் முதல் ஆமைக்குழி. சுற்றிலும் கம்பு நட்டு வேலி கட்டினோம். காவல்காரர் முன்ஸிஃப் அண்ணன் ஏதோ தன் வீட்டில் பிரசவம் ஆன மாதிரி எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார். எங்கள் கடற்கரைப் பாதுகாப்புச் சங்கத்தின் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு. ஆமை கடிக்கும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார். "கடிக்காதுண்ணே" என்றேன். "எனக்குத் தெரியும் மகளே. அதுங்களுக்குத் தெரிய வேண்டாம்."

அவருடைய சொந்த மகள் பிரான்சில். அதனால்தானோ என்னவோ, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னை மகளே என்றுதான் கூப்பிடுகிறார்.

தலைவர் ஸலாஹ் சார் மறுபடி அதே பாட்டு. கடற்கரை வாரியத்தோடு சங்கம் போட்ட மூன்று வருஷ ஒப்பந்தம் அக்டோபரில் முடிகிறது, ஆகஸ்ட்டில் துனிஸிலிருந்து அதிகாரி வந்து பார்ப்பார். "உப்புமுனை அரசாங்கத்து நிலம். நாம அதுக்கு ஆயா மாதிரி. பிள்ளை விழுந்தா ஆயாவைத்தான் மாத்துவாங்க, ஸிஹாம்." ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் அவருக்கு எல்லாமே வகுப்பறைதான்.

ஆனால் சரிதான். என் சம்பளம், முன்ஸிஃப் அண்ணன் சம்பளம், படகுக்கு டீசல், கரையை மறிக்கும் அந்தக் கயிறு, அந்த விசில் — எல்லாம் அந்த ஒப்பந்தத்திலிருந்துதான்.

ஜூலை 14, ஞாயிறு

ராதியா மேற்குக்கரைக்கு வந்தாள். ஜீன்ஸ் தைக்கும் ஆலையில் வேலை, எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. மகள் மலாக்கையும் கூட்டி வந்திருந்தாள். குழந்தைக்கு முழங்கை மடிப்பில், கழுத்தில் எல்லாம் தோல் வெடித்துச் சிவந்திருக்கிறது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினாள். தாண்டவே இல்லை.

"ஔஸ்ஸூ பிறக்கிற அன்னைக்கு மட்டும் உள்ள விடுங்க. விடியும்போது வந்து, ஏழு அலை முக்கிட்டு, வெயில் ஏறறதுக்குள்ள போயிடறோம். நடந்துதான் வருவோம்."

இந்த ஊரில் பிறந்த எல்லாரையும் போல நானும் அப்படி முங்கி வளர்ந்தவள்தான். ஔஸ்ஸூ என்கிற கோடை உச்சம் தொடங்கும் நாளில் ஏழு அலை தலைக்கு மேல் போனால் வருஷம் முழுக்க நோய் அண்டாது. அப்போதெல்லாம் கீழ்க்கரையிலேயே முங்கினோம். இப்போது அங்கே கால் வைக்க முடியாது.

"மேற்குக்கரை செப்டம்பர் வரைக்கும் மூடியிருக்கு அக்கா. ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதெல்லாம் நம்பிக்கைதான். அலை முங்கினா தோல் நோய் போகும்னு விஞ்ஞானத்துல இல்லை. நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றும் சொன்னேன்.

"காட்டினேனே. கடல் தண்ணி நல்லதுன்னார். எந்தக் கடல்னுதான் சொல்லலை."

முன்ஸிஃப் அண்ணனுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு விசிலை வாயில் வைத்து மறைத்துக்கொண்டார்.

ராதியா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஆமைக்கு நல்ல தண்ணி, எங்க பிள்ளைங்களுக்குச் சாக்கடை. இதைப் பார்த்துக்கிறதுக்கு உங்களுக்குச் சம்பளம் வேற."

குழி வேலியைச் சரிபார்க்கப் போவது மாதிரி நடந்துவிட்டேன்.

ஜூலை 17

இரண்டாவது குழி. கயிறு கட்டும் தூணுக்குச் சற்று உள்ளே, வண்டித்தடத்தின் ஓரத்திலேயே. இந்த ஆமைக்கு எங்கே முட்டையிடுவது என்றே தெரியாதா?

ஜூலை 23, செவ்வாய்

தஸ்னீமுக்குக் காய்ச்சல். மருந்துப் புகை பிடிக்கவைக்கும் முகமூடியைக் கண்டாலே அலறுகிறாள். டாக்டர், "காத்து மாத்துங்க" என்கிறார். எங்கே மாற்றுவது? வாடகையை டாக்டரா தருவார்?

மதினி ஜமீலா வந்திருக்கிறாள். என் கணவன் ஹாதமின் அக்கா. கையில் மல்லிகைக் கொத்து, வாயில் உத்தரவு. "நாளன்னைக்கு ஔஸ்ஸூ. குழந்தையை முக்கணும்."

"கீழ்க்கரையிலா? மதினி, அந்தத் தண்ணியில துணிகூட அலச மாட்டோம்."

"உங்க உப்புமுனை எதுக்கு இருக்கு?"

"அது மூடியிருக்கு. ஆமைக்காக."

"ஆமைக்கு ஒரு குழியிலேயே எத்தனை முட்டை! எனக்கு இருக்கிறது ஒரே மருமக."

ஹாதம் தர்பூசணி தின்றுகொண்டே, "அக்கா, இவ கயிறைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவ. எனக்கே அனுமதி வாங்கணும்" என்றான். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தஸ்னீம் என் தோளில் கொதித்துக்கொண்டிருந்தாள்.

ராதியாவிடம் சொன்ன அதே விஞ்ஞானத்தை மதினியிடம் ஏன் சொல்லவில்லை?

ஜூலை 25, வியாழன்

ஆஸ்பத்திரி. தஸ்னீமுக்கு ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். மதினி குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டிருக்கிறாள். எழுதாமல் உட்கார்ந்தால் அழுதுவிடுவேன்.

நான்தான் கூட்டிப்போனேன். வேறு யாரும் இல்லை. நான்தான்.

ஜூலை 26, வெள்ளி

மூச்சு சீராகிவிட்டது. நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

நேற்று நடந்ததை இங்கேயாவது ஒழுங்காக எழுத வேண்டும்.

முந்தின நாளே முன்ஸிஃப் அண்ணனிடம், "காலையில துறைமுகத்துக்குப் போய் டீசல் வாங்கிட்டு வந்துடுங்க, வெயிலுக்கு முன்னாடி" என்று சொல்லிவைத்தேன். டீசல் தேவைதான். ஆனால் அன்று காலையிலேயே தேவை இல்லை. அவர் பார்க்கக் கூடாது என்பதற்காக அனுப்பினேன். பார்த்தால் எனக்கும் விசில் ஊதுவார். அதுதான் பயம். வெட்கமாக இருக்கிறது.

விடிந்தும் விடியாமல் போனோம், மதினியும் நானும் குழந்தையும், ஹாதமின் காரில். குழந்தைக்குக் காய்ச்சல், அவ்வளவு தூரம் நடக்க முடியாது. கயிறு தூணில் கட்டியிருந்தது. முன்ஸிஃப் அண்ணன் முடிச்சு. மீன்பிடிப் படகில் இருந்தவர் கை. என் நகம் உடைந்தது. மதினி தன் முக்காட்டு ஊசியைக் கொடுத்து நெம்பச் சொன்னாள். அப்படித்தான் அவிழ்ந்தது.

தண்ணீர் அவ்வளவு தெளிவு. எத்தனை வருஷமாயிற்று அந்தக் கடலில் கால் வைத்து. வேலி கட்டுவேன், அளப்பேன், படம் எடுப்பேன், இறங்கியதே இல்லை. மதினி அலையை எண்ணினாள். நான்காவது அலையில் தஸ்னீம் தண்ணீர் குடித்துவிட்டாள். இருமல். உதடு நிறம் மாறியது. ஓடினோம்.

வெளியே வந்தபோது கயிற்றைக் கட்ட இறங்கினேன். மதினி, "அடியே, குழந்தையைப் பாருடி! கயிறு ஓடியா போகும்!" என்று கத்தினாள். தூணின் மேல் சும்மா சுற்றிப் போட்டுவிட்டு ஏறினேன்.

அவ்வளவுதான் நடந்தது.

இல்லை. அவ்வளவுதான் என் கண்முன் நடந்தது. மத்தியானம் ஸலாஹ் சார் போன் செய்தார். வெளியூர்க் குடும்பம் ஒன்று கயிறு தொங்கிக் கிடப்பதைப் பார்த்து, திறந்திருக்கிறது என்று நினைத்து, பிக்கப் வண்டியை மணலில் இறக்கியிருக்கிறது. தடத்தோரக் குழியின் மேலேயே சக்கரம்.

"முன்ஸிஃப் சரியாக் கட்டலை" என்றார் சார்.

நான், "குழந்தை ஆஸ்பத்திரியில சார்" என்றேன்.

பொய் இல்லை. பதிலும் இல்லை.

ஜூலை 28, ஞாயிறு

குழியை நான்தான் தோண்டினேன். அது என் வேலை. உடைந்ததையும் உடையாததையும் பிரித்து வைக்க வேண்டும். வெயிலில் நாற்றம். சில முட்டைகள் முழுசாக இருந்தன. வேறு இடத்தில் புதைத்தோம். பிழைக்குமா என்று கேட்காதீர்கள் — யாரிடம் சொல்கிறேன் இதை?

முன்ஸிஃப் அண்ணன் பக்கத்தில் குந்தியிருந்தார். விசிலைக் கழற்றிப் பையில் போட்டிருந்தார்.

"மகளே, போறதுக்கு முன்னாடி கட்டினேன். நல்லா ஞாபகம் இருக்கு. இழுத்துக்கூடப் பார்த்தேன்." கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, கட்டினதா நினைச்சுக்கிட்டேனோ என்னவோ. வயசாகுதுல்ல" என்றார்.

தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில், அந்த மணலில். என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "விடுங்கண்ணே, யாருக்கும் நடக்கறதுதான்." சீ.

ஜூலை 30

அவர் தூணருகே நின்று அதே முடிச்சைக் கட்டிக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் வேறு வழியாகப் போனேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஹாதமிடம் சொன்னேன். "ஒரு கயிறுக்கு இவ்வளவா? குழந்தை நல்லா இருக்காளா இல்லையா? அதைப் பார்" என்றான். அவன் தப்பாகச் சொல்லவில்லை. குழந்தை நன்றாகத்தான் இருக்கிறாள். கூஸ்கூஸைத் தரை முழுக்க இறைத்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்கிறாள்.

மதினியோ ஊரெல்லாம் பெருமை. "நாலு அலை முங்கினா, பாரு, தேறிட்டா!" மதினி, எந்தக் கரையில் முக்கினோம் என்று தயவுசெய்து சொல்லிவிடாதே என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. இதுவும் ஒரு அசிங்கம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சங்கக் கூட்டம். அதிகாரி வெள்ளிக்கிழமை வருகிறார். அதற்கு முன் முன்ஸிஃப் அண்ணனை நிறுத்திவிடுவதென்று முடிவாகிறது. ஸலாஹ் சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நடவடிக்கை எடுத்தோம்னு காட்டினாத்தான் நம்மகிட்டயே விடுவாங்க. இல்லைன்னா யாருக்குக் கொடுப்பாங்க? ஹோட்டல்காரன் ஒருத்தன் ஏற்கெனவே அலையறான். அவன் கயிறு கட்ட மாட்டான், குடை நடுவான்."

எல்லோரும் போன பிறகு நான் நின்றேன். சொன்னேன். எல்லாவற்றையும். டீசல், கார், ஊசி, நான்காவது அலை.

சார் கதவைச் சாத்திவிட்டு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இதை வேற யார்கிட்ட சொன்னே?"

"வீட்டுக்காரர்கிட்ட."

"போதும். அங்கேயே நிக்கட்டும். காவல்காரன் கவனக்குறைவுன்னா சங்கம் பிழைக்கும். சங்கத்துக்காரியே கயிறை அவிழ்த்தான்னா, 'பார்த்துக்கச் சொல்லிக் காசு கொடுத்தோம், நீங்களே உள்ள போனீங்களா'ம்பாங்க. மூணு வருஷம் போச்சு."

"அவர் செய்யலையே சார்."

"அவனுக்கு நான் வேற வேலை பார்த்துத் தர்றேன். ஸ்கூல்ல வாட்ச்மேன். நீ குழந்தைக்காரி. போய்த் தூங்கு."

தூக்கமா? சார் சொல்வதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்பதுதான் பயமாக இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் மேற்குக்கரையில் குடை முளைக்கும். திறக்காவிட்டால் முன்ஸிஃப் அண்ணன் பள்ளிக்கூட கேட்டில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கரைக்காக வாயை மூடுகிறேனா, எனக்காகவா? அன்றைக்கும் குழந்தைக்காக என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

முன்ஸிஃப் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தஸ்னீமைத் தூக்கிக்கொண்டு போனேன். தனியாகப் போகத் தைரியமில்லை. அவர் மனைவி எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து வைத்துவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு முற்றத்துப் பக்கம் போனாள். சாரின் ஆள் ஏற்கெனவே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். நீலச் சட்டை மடித்து நாற்காலியின் மேல், விசில் அதன் மேல்.

நின்றபடியே சொன்னேன்.

அவர் முதலில் கேட்டது இதுதான்: "என் முடிச்சு நின்னுச்சா?"

"நின்னுச்சுண்ணே. அவிழ்க்கவே முடியலை. ஊசி வச்சு நெம்பினோம்."

"ஊசியா?" அவர் முகத்தில் ஒரு நிமிஷம் ஏதோ வந்தது, சிரிப்பு மாதிரி. அது போனதும் வந்தது வேறு. "இத்தனை நாளா என் கையையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். என் பொண்டாட்டிகிட்ட, டாக்டரைப் பார்க்கணும், எனக்கு மறதி வருதுன்னு சொல்லியிருக்கேன். நீ குழியைத் தோண்டறப்ப பக்கத்துலதானே இருந்தேன்?"

"ஆமா."

"ராதியாவை உள்ள விடலாமான்னு நான் உன்கிட்ட கேட்டேன். நீ வேணாம்னே. சரின்னேன். சட்டம்னா சட்டம்னு."

கேட்டிருந்தாரா? கேட்டிருந்தார். அதை நான் ஜூலை பதினான்கில் எழுதவே இல்லை. இப்போது புரட்டிப் பார்த்தேன்.

"அதிகாரிகிட்ட சொல்லப்போறேன்" என்றேன்.

"உங்க இஷ்டம், மேடம்."

மேடம். குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சாறு அப்படியே இருந்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பலதியா மண்டபத்தில் கூட்டம். இந்த நகராட்சிக் கட்டடத்துக்குள் இவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. அதிகாரி அம்மா குட்டை முடி, நிறையக் கேள்வி. ஸலாஹ் சார் படங்கள் காட்டினார். பிறகு, "ஒரு வருத்தமான சம்பவம், காவல்காரரின் கவனக்குறைவு" என்று தொடங்கினார்.

நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது. எவ்வளவு நேரம் பேசினேன் தெரியாது. குரல் ஒடுங்கிப்போய், நடுவில் ஒரு கிழவர் "சத்தமாச் சொல்லும்மா, காது கேக்கலை" என்று கத்தினார். மறுபடி முதலிலிருந்து, சத்தமாகச் சொன்னேன். அதுதான் எனக்குத் தகும்.

பிறகு பின்வரிசையிலிருந்து ராதியா.

"அப்ப உன் குழந்தைக்கு விஞ்ஞானம் ஒத்துக்குச்சா?"

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அதிகாரியைப் பார்த்துத் திரும்பினாள். "அம்மா, இவ செஞ்சது தப்பு. ஆனா ஏன் செஞ்சான்னு கேளுங்க. இவ வீட்டு ஜன்னலும் எங்க வீட்டு ஜன்னலும் ஒரே சாக்கடையைத்தான் பார்க்குது. உப்புமுனையைப் பார்த்துக்கச் சொல்லி இவங்களுக்குக் காசு தர்றீங்க. கீழ்க்கரையைப் பார்த்துக்கச் சொல்லி யாருக்குத் தர்றீங்க? வருஷத்துல ஒருநாள், விடியற நேரம், நடந்து வர்றோம், வரிசையா வர்றோம். கயிறை நாங்களே பிடிச்சுக்கறோம். குழி இல்லாத இடம் எதுன்னு இவங்களையே காட்டச் சொல்லுங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று முகத்தில் தெரியவில்லை.

முன்ஸிஃப் அண்ணன் கதவருகே நின்றிருந்தார், சொந்தச் சட்டையில். என்னைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 12

ராஜினாமா கொடுத்தேன். சார் வாங்கிக்கொண்டார். "நீ நல்லவதான். அதுவும் ஒரு கஷ்டம்" என்றார். நல்லவளாக இருந்தால் ஏன் இவ்வளவு நாள்?

செப்டம்பர் 19

மாற்றிப் புதைத்த முட்டைகளில் சில பொரிந்தனவாம். மதினிக்கு யாரோ சொல்லி, மதினி எனக்குச் சொன்னாள். பெரும்பாலானவை இல்லை. அதையும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்; மதினி சொல்லவில்லை, நான் கேட்டு வாங்கினேன்.

அக்டோபர் 31, வியாழன்

வாரியம் ஒப்பந்தத்தைச் சங்கத்துக்கே கொடுத்திருக்கிறது. மூன்று வருஷம் இல்லை, ஒரே வருஷம், பார்த்துவிட்டு மேலே சொல்வதாக. முன்ஸிஃப் அண்ணன் நீலச் சட்டையில் சைக்கிளில் போவதைச் சந்தையில் பார்த்தேன். சலாம் சொன்னேன். தலையை அசைத்தார், சைக்கிளை நிறுத்தவில்லை.

நான் இப்போது மருந்துக் கடையில் உட்காருகிறேன். படித்தது உயிரியல், விற்பது இருமல் மருந்து.

பிப்ரவரி 3

இந்தக் குளிரிலும் தஸ்னீமுக்கு மூச்சு அவ்வளவாக இழுக்கவில்லை. வளர்கிறாள் என்கிறார் டாக்டர். நாலு அலை என்கிறாள் மதினி.

ஜூலை 25, வெள்ளி

ஔஸ்ஸூ. முழுக்க மூடிக்கிடந்த மேற்குக்கரையில் ஒரு துண்டு மட்டும் இன்று திறந்திருந்தது, விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை. வாரியத்தின் சோதனை முயற்சியாம். குழிகளிலிருந்து தள்ளி, இரண்டு பக்கமும் கயிறு. வண்டி கிடையாது. ஒவ்வொரு குடும்பமாக உள்ளே போய், முங்கி, வெளியே வந்த பிறகுதான் அடுத்த குடும்பம்.

போகலாமா வேண்டாமா என்று ராத்திரி முழுக்க ஹாதமை நச்சரித்தேன். "போ. இல்லைன்னா அடுத்த வருஷம் வரைக்கும் இதையே கேட்பே" என்று திரும்பிப் படுத்துவிட்டான்.

வரிசையில் எனக்கு முன்னால் ராதியா. மலாக்குக்குக் கழுத்துப் புண் கொஞ்சம் ஆறியிருந்தது, முழங்கையில் அப்படியேதான். ராதியா என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னைக்கு ஊசி கொண்டுவந்தியா?" என்றாள். எனக்கு முகம் சுட்டது. அவள் சிரித்துவிட்டு, பையிலிருந்து ஒரு ரொட்டியைப் பிய்த்து தஸ்னீமுக்குக் கொடுத்தாள்.

கயிற்றுப் பக்கம் முன்ஸிஃப் அண்ணன். ஒவ்வொருவருக்கும் அவிழ்த்து, ஒவ்வொருவருக்குப் பின்னும் கட்டினார். என் முறை வந்தபோதும் அதேபோல. "நடங்க" என்றார், எல்லாருக்கும் சொன்ன மாதிரி.

ஏழு அலையும் முங்கினோம். தஸ்னீம் அழவில்லை, இன்னும் வேண்டும் என்றாள். கையை உதறிக்கொண்டு ஓடினாள், நேராகக் குழிகள் இருக்கும் பக்கம். நான் அவளைப் பிடிக்கக் குனிந்து, கயிற்றுக்கு அடியில் நுழைந்துவிட்டேன். முழங்கால் இரண்டும் அந்தப் பக்கத்து மணலில்.

விசில். காது கிழிய. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏ மகளே! உனக்கும்தான் சொல்றேன், கயிறுக்கு இந்தப் பக்கம் வா!"

வந்தேன்.